நடு வரிசை

ஏனுங்கக்கா, இந்த ஓரத்துல சித்த உக்காந்துக்கட்டுங்களா? யாராச்சும் வந்தா எந்திரிச்சுக்கறனுங்க. டிக்கெட்டெல்லாம் இருக்குதுங்க, ரிசர்வேசனே இருக்குது. அக்கட்டால நாலு பெட்டி தள்ளி. எங்க ஆளுங்க நாப்பது பேரு ஒண்ணாத்தான் வர்றமுங்க. இல்லீங்க, சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சும்மா காத்தாட நடந்து வந்தேன், அவ்வளவுதானுங்க.

கதவுகிட்ட நின்னுட்டு இருந்தவனை நீங்கதான் ‘ஏப்பா, விழுந்துகிழுந்து வெக்கப்போற, உள்ள வா’ன்னீங்க. தமிழ்ல சொன்னீங்க பாருங்க, அதுலதான் எனக்கு உசுரு வந்துச்சு. கோயமுத்தூருங்களா? பீளமேடா! நமக்கு ஈச்சனாரிப் பக்கமுங்க. பேரு திருமூர்த்தி. மோட்டாருக்குக் காயில் கட்டற பட்டறை வெச்சிருக்கறனுங்க.

இந்தச் சட்டைங்களா? இது டீம் சட்டைங்க. ஃபுட்பால். நம்ம கோயமுத்தூருக்கு ஒரு டீம் இருக்குதுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா? பரவாயில்லீங்க, ஊருல பாதிப் பேருக்குத் தெரியாது. அவிய வெளியூர்ல ஆடப்போனா நாங்களும் கொடி, டோலு எல்லாம் தூக்கிட்டுப் பின்னாலயே போவமுங்க. ‘நொய்யல் படை’ன்னு எங்க கூட்டத்துக்குப் பேரு. நேத்துக் கோழிக்கோட்ல மேட்ச்சு. ரெண்டுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சுட்டமுங்க.

ஜெயிச்சுட்டு வர்றவன் மூஞ்சி மாதிரி இல்லையேன்னு பாக்கறீங்க. இல்லதானுங்க.

வெக்கமுங்கக்கா. வேற என்னன்னு சொல்றது? அடுத்த ஊர்ல வெச்சு எங்கூட்டுக்காரி என் மானத்தை வாங்கிப்போட்டாளுங்க. அவ பேரு சாந்தாமணி. நேத்து அந்த ஸ்டேடியத்துல இருந்த அத்தனை சனத்துக்கும் அவ பேரு தெரியுமுங்க. எப்படித் தெரிஞ்சுதுன்னு சொல்றேன். அதுக்கு முன்னால நாங்க உக்கார்ற மொறையைச் சொல்லோணும். அது தெரியலைன்னா இது புரியாதுங்க.

வெளியூர் போய் மேட்ச் பாக்கறது சினிமாவுக்குப் போற மாதிரி இல்லீங்க. சுத்தியும் அந்த ஊர்க்காரங்க இருப்பாங்க. நமக்குன்னு ஒரு மூலையை ஒதுக்கி விட்டிருப்பாங்க. டிக்கெட்ல நம்பர் போட்டிருக்கும், அதை எவனும் பாக்கறதில்லை. கேட்டு தொறந்ததும் மொதல்ல உள்ள போறவன் நானுங்க. கொடியை எங்க கட்டறது, டோலு எங்க நிக்கறது, யாரு எங்க உக்கார்றது, எல்லாம் என் பொறுப்பு. எழுதிக்கிழுதி வெக்கறதில்லை, எல்லாம் மனசுலயே இருக்கும். ‘திருமூர்த்தியண்ணன் கை காட்டாம கால் மடக்க முடியாது’ன்னு பசங்க கிண்டல் பண்ணுவானுங்க. கிண்டல்தான், ஆனா கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குமுங்க.

கம்பிக்குப் பக்கத்துல தொண்டை கிழியக் கத்தற பசங்க. அவியளுக்குப் பின்னால என்னை மாதிரி குடும்பக்காரங்க. அதுக்குப் பின்னால நடு வரிசையில பொம்பளைங்க. அவிய ரெண்டு பக்கமும் ஆம்பளைங்க. பின் வரிசையில நல்ல நெதானமான ஆளுங்களாப் பாத்துப் போடுவேன். நாலு பக்கமும் அடைச்சாச்சுங்களா? ‘கோட்டை’ன்னு அதுக்குப் பேரு. நான் வெச்ச பேருதானுங்க.

சும்மா வெக்கலீங்க. முன்ன ஒருக்கா வெளியூர்ல எவனோ தண்ணி பாக்கெட்டை வீசி, நம்ம கூட வந்த புள்ளை ஒண்ணு மேல பட்டுருச்சு. அழுதுட்டே வந்துச்சுங்க. அன்னிக்கு முடிவு பண்ணுனேன், இனி நம்ம பொம்பளைங்க மேல ஒரு தூசி விழக்கூடாதுன்னு. விழலீங்க. அடுத்த ஊர்க்காரனுங்களே பாத்துட்டு, ‘உங்களுது நல்ல ஏற்பாடு’ன்னு சொல்லியிருக்கானுங்க.

பாத்ரூம் போறதுன்னாக்கூட இடைவேளையில மட்டுந்தான். எல்லாரும் சேந்து போகோணும், ஆம்பளை ரெண்டு பேரு தொணைக்குப் போவாங்க. அதுக்குப் பயந்துட்டு மத்தியானத்துல இருந்தே அவிய தண்ணி குடிக்க மாட்டாங்க. அந்தளவுக்குக் கட்டுப்பாடுங்க.

ஏனுங்கக்கா, சிரிக்கறீங்க?

நடுவுல உக்காந்தா ஆட்டம் தெரியுமான்னா, முன்னால இருக்கறவன் எந்திரிச்சா கொஞ்சம் மறைக்கத்தான் செய்யும். ‘உங்க முதுகைப் பாக்கறதுக்கா நான் இத்தனை தூரம் வர்றேன், அதைத்தான் ஊட்டுலயே பாக்கறேனே’ன்னு சாந்தாமணி கேப்பா. அவளுக்கு முன்னால நான்தானுங்க உக்காருவேன். பொண்டாட்டிக்கு முன்னால புருசன் இருக்கறதுதான மொறை.

அவளை இந்தப் பைத்தியத்துக்குள்ள இழுத்துட்டு வந்ததும் நான்தானுங்க. மொதல் தடவை ‘பந்தை ஒருத்தன் கையில எடுக்கறான், அவனை மட்டும் ஏன் யாரும் திட்ட மாட்டேங்கறாங்க’ன்னு கேட்டா. இப்ப அவளுக்கு இருக்கற வெறி எனக்கில்லை. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சாலும் தெரியாம செல்லுல மேட்ச் பாத்துட்டு நிப்பா. நம்ம டீம் கோல் போட்டா, பின்னால இருந்து என் முதுகுல ரெண்டு கையாலயும் படபடன்னு அடிப்பா பாருங்க, மறுநாள் வரைக்கும் வலிக்கும். அவ அடிச்சாத்தான் எனக்குக் கோல் விழுந்த மாதிரியே இருக்குமுங்க.

இந்த சீசன்லதான் அவளுக்குப் பின்னால மருதாசலத்தை உக்கார வெச்சேன். அதுக்கு முன்னால அங்க இருந்த பெரியவரு முட்டி வலின்னு வர்றதை நிறுத்திட்டாரு. யாரைப் போடறதுன்னு ரோசனை பண்ணிப் பண்ணித்தான் மருதாசலத்தைப் போட்டேன். தண்ணி கிடையாது, பீடி கிடையாது. வருசம் தவறாம மலைக்கு மாலை போடறவன். எங்கப்பாவை ஆஸ்பத்திரியில சேத்தப்ப, என் கூடப் பொறந்தவனே ஊருக்குக் கெளம்பிட்டான், அவன்தான் தரையில துண்டை விரிச்சுப் படுத்து மூணு நாளு கூட இருந்தான். சாந்தாமணியைத் தங்கச்சின்னுதான் கூப்படுவான். அதனால எனக்கு மச்சான், அவனுக்கு நான் மாப்ள. அவனை விட நம்பற ஆளு எனக்கு யாருங்க இருக்கறாங்க? அதான் எம்பொண்டாட்டிக்குப் பின்னால போட்டேன்.

நீங்க ஜன்னலைப் பாக்கறீங்க. பாருங்க பாருங்க, ஆத்துல தண்ணி நல்லாத்தான் போகுது.

அவன் வந்து உக்காந்த மொதல் மேட்ச் முடிஞ்சு வர்றப்பவே அவ ஆரம்பிச்சுட்டாளுங்க. ‘ஏனுங்க, அடுத்த தடவை என்னை வேற எடத்துல உக்கார வைங்க’ன்னா. கேட்டனுங்கக்கா, கேக்காம இருப்பனா? ‘ஏன், ஆட்டம் தெரியலையா’ன்னு கேட்டேன். என்னையே பாத்துட்டு, ‘ஆமா, தெரியலை’ன்னா. தெரியலைன்னா எல்லாருக்குந்தான் தெரியலை, நீ சீட்டு போடறவன் பொண்டாட்டி, நீயே மாத்தச் சொன்னா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்கன்னு சொல்லிப்போட்டேன். நாயமாத்தானுங்க சொன்னேன்?

அடுத்த மேட்ச்சுக்கு முன்னால எல்லாரையும் வெச்சுட்டே கேட்டுட்டா. ‘நான் முன்னால டோலுகிட்ட உக்காந்துக்கறேன்’னா. எனக்குச் சங்கட்டமாப் போச்சு. ‘சாந்தாமணி டோலடிக்கப் போறாளாமா, எல்லாரும் காதைப் பொத்திக்குங்க’ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. மருதாசலமும் சிரிச்சான். ‘தங்கச்சி இங்கயே இருக்கட்டும் மாப்ள, நான் பாத்துக்கறேன்’னான். அவ சிரிக்கலை. போய் உக்காந்துட்டா.

போன மாசம் பெங்களூரு. இதைச் சொல்றதுக்கு நாக்கு வர மாட்டேங்குதுங்கக்கா. அன்னிக்கு அவ முதுகுல ஒரு பையை மாட்டிட்டு வந்திருந்தா. பள்ளிக்கோடத்துப் புள்ளைங்க மாட்டுவாங்களே, அந்த மாதிரி. தண்ணி பாட்டலு, துண்டு, என்னென்னமோ உள்ள போட்டு நல்லாப் பொதபொதன்னு இருந்துச்சு. உக்காந்த பொறகும் கழட்டலை. எங்க மொறையில பையெல்லாம் சீட்டுக்கு அடியில வெக்கோணுமுங்க, பின்னால இருக்கறவங்களுக்கு எடைஞ்சலா இருக்கக்கூடாதுன்னு. ‘கழட்டு’ன்னேன். ‘இருக்கட்டும்’னா. மருதாசலம் பாவம், ‘பரவாயில்லை மாப்ள’ன்னு சொன்னான். பாருங்க அவன் தன்மையைன்னு எனக்கு இன்னும் கோவம். நானே அவ தோள்ல இருந்து பையைக் கழட்டி, சீட்டுக்கு அடியில தள்ளுனேன்.

நானேதானுங்க கழட்டுனேன். இந்தக் கையாலதான்.

சரி, நேத்து நடந்ததுக்கு வர்றேன். நாலு மணிக்கு ஆட்டம். வழக்கம் போலக் கோட்டை கட்டியாச்சு. மொதல் பாதியில ஆளுக்கு ஒண்ணு. நம்ம டீம் கோல் போட்டப்ப நான் குதிச்ச குதியில ஒரு செருப்பு எங்க போச்சுன்னே தெரியலை. முதுகுல அடி விழலீங்க. அப்ப அது எனக்கு ஒறைக்கலை. இப்ப ரோசிச்சுப் பாத்தா பெங்களூருலயும் விழலை. அதுக்கு முன்னாலயும் விழலை. மருதாசலம் வந்து உக்காந்ததுல இருந்தே விழலீங்க.

இடைவேளையில பொம்பளைங்க பாத்ரூம் போனாங்க, வந்தாங்க. ஆட்டம் மறுபடி ஆரம்பிச்சுது. நல்ல ஆட்டமுங்க. அவியளுக்கு ஒரு பெனால்டி கெடைச்சு, நம்ம கோல்கீப்பரு அதைப் புடிச்சுட்டான். எங்க கூட்டமே அழுதுருச்சு. கொஞ்ச நேரத்துல நம்ம பையன் ஒருத்தன் தலையால முட்டி ரெண்டாவது கோலைப் போட்டான் பாருங்க, அப்பத்தான் சந்தோசத்துல அவளைப் பாக்கலாம்னு திரும்புனேன்.

சீட்டு காலியா இருக்குது.

‘எங்கடா சாந்தா?’ன்னேன். பக்கத்துப் பொம்பளைங்க ஒருத்தரை ஒருத்தர் பாக்கறாங்க. மருதாசலம்தான் சொன்னான், ‘பாத்ரூம் போயிருக்கும் மாப்ள, நீ ஆட்டத்தைப் பாரு’ன்னு. இடைவேளைக்குப் போனவ வரவே இல்லைன்னு பொறகுதான் ஒருத்தி சொன்னா. ‘ஏன் என்கிட்டச் சொல்லலை’ன்னு கத்துனேன். ‘நீங்க முன்னாலதான உக்காந்திருந்தீங்க, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்’னா. பாருங்கக்கா, காவலுக்கு உக்காந்தவங்க அத்தனை பேரும் கிரவுண்டைப் பாத்துட்டு இருந்திருக்கறம். உள்ள இருந்தவ எந்திரிச்சுப் போனது ஒருத்தனுக்கும் தெரியலை. இத்தனை நேரம் ஆகியும் எனக்கும் தெரியலை.

பாத்ரூம் பக்கம் ஓடுனேன், கேட்டுக்கு ஓடுனேன். போலீஸ்காரரு ஒருத்தரு நான் பேசறதைப் பாதி புரிஞ்சுட்டு, மைக்குல சொல்றவங்ககிட்டக் கூட்டிட்டுப் போனாரு. அவங்க ஆட்டம் நடந்துட்டு இருக்கறப்பவே மலையாளத்துல அறிவிச்சுட்டாங்க. கோயமுத்தூர்ல இருந்து வந்த சாந்தாமணியைக் காணோம், எங்க இருந்தாலும் வரோணும், புருசன் அழுதுட்டு நிக்கறாருன்னு. நான் அழுகவே இல்லீங்க. அவியளாச் சேத்துக்கிட்டாங்க.

அவ்வளவுதானுங்க. அந்த ஊர்க்காரனுங்க சிரிச்சானுங்க பாருங்க. பொறகு எவனோ டோலை எடுத்து, ‘சாந்தா-மணீ... சாந்தா-மணீ’ன்னு ஆரம்பிச்சான். அந்தப் பக்கம் முழுக்கப் புடிச்சுக்கிச்சு. ஆயிரக்கணக்குல சனம் எம்பொண்டாட்டி பேரைச் சொல்லிக் கை தட்டுது. பூமி பொளந்து உள்ள போயிரலாமான்னு இருந்துச்சு. அப்ப, எதுத்தாப்புல அவிய பக்கத்து கேலரியில, செவப்புச் சட்டைக் கூட்டத்துக்கு நடுவுல, ஒரே ஒரு நீலச் சட்டை எந்திரிச்சு நின்னு கையை ஆட்டுச்சுங்க.

சாந்தாமணிதான். சிரிச்சுட்டு ஆட்டறா. சனம் ஓன்னு கத்துது.

அடுத்தவன் கேலரியில நம்ம சட்டையோட உக்கார்றது எவ்வளவு பெரிய தப்புன்னு உங்களுக்குச் சொன்னாப் புரியாதுங்கக்கா. அடி விழும். எங்களுக்குள்ளயே விலக்கி வெச்சிருவாங்க. அதுவும் சீட்டு போடறவன் பொண்டாட்டி. ஸ்டேடியத்தை வெளிப்பக்கமா ஒரு சுத்துச் சுத்தி, ஒத்தைச் செருப்போட அங்க போய்ச் சேந்தேன். வழியெல்லாம் செவப்புச் சட்டைக்காரனுங்க ஒதுங்கி ஒதுங்கி வழி விடறானுங்க. ‘சேட்டா, அவ்விடே, அவ்விடே’ன்னு கை காட்டறானுங்க.

கம்பிக்குப் பக்கத்துல மொதல் வரிசையில உக்காந்திருந்தாளுங்க. ரெண்டு பக்கமும் அந்த ஊருப் பொம்பளைங்க. கடலையைப் பொட்டலத்துல வெச்சு மாத்தி மாத்தி எடுத்துத் தின்னுட்டு இருக்கறாங்க. நம்ம கோல் விழுந்தப்ப அவ மட்டும் எந்திரிச்சுக் கை தட்டுனாளாமா, அக்கம்பக்கத்துல இருந்தவங்க ‘இரிக்கு சேச்சி, மதி மதி’ன்னு சிரிச்சுட்டே கையைப் புடிச்சு உக்கார வெச்சாங்களாமா. பொறகு சொன்னாங்க.

‘எந்திரி’ன்னேன். ‘ஆட்டம் முடியலை, உக்காருங்க’ன்னா. பக்கத்துல இருந்த அம்மா நகந்து எடம் குடுத்துச்சு. நின்னா பின்னால இருக்கறவங்களுக்கு மறைக்குமேன்னு உக்காந்துட்டேன். அடுத்தவன் கேலரியில நான் உக்காந்தது அதுதான் மொதல் தடவை. பல்லைக் கடிச்சுட்டு மெதுவாக் கேட்டேன், ‘ஏன்டி இப்படிப் பண்ணுனே? அங்க உனக்கு என்ன குறை?’

அவ என் பக்கம் திரும்பலீங்க. பந்தையே பாத்துட்டுச் சொன்னா. ‘அங்க பின்னால இருந்து கை வருது.’

‘யாரு கை?’ன்னேன்.

‘பின்னால யாரை உக்கார வெச்சீங்க?’ன்னா.

அவளே சொன்னா. ‘கோல் விழறப்ப எல்லாரும் எந்திரிச்சுக் குதிக்கறீங்களே, அப்ப வரும். ஒருக்கா ரெண்டு தடவைன்னா தெரியாமப் பட்டிருச்சுன்னு விட்டிருப்பேன். பை மாட்டிட்டு வந்தேன், கழட்டிட்டீங்க. பெங்களூருல உக்காந்து நம்ம டீம் கோல் போடக்கூடாதுன்னு சாமி கும்பிட்டேங்க. கோல் போட்டாப் பயமா இருந்துச்சு. இன்னிக்குத்தான் பயமில்லாமக் கை தட்டுனேன்.’

நம்ம டீம் கோல் போடக்கூடாதுன்னு கும்பிட்டிருக்கறாளுங்கக்கா. அவ. பால் பொங்கறது தெரியாம மேட்ச் பாக்கறவ.

நான் என்ன சொன்னேன்னு கேக்கறீங்க. கேட்டுத்தான் ஆகோணுமுங்களா?

‘சரி, ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம். இப்ப எந்திரிச்சு வந்து நம்ம எடத்துல உக்காரு, எல்லாரும் பாக்கறாங்க’ன்னேன்.

அப்பத்தான் திரும்பி என்னைப் பாத்தா. திட்டலை, அழுகலை. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்த யாரோ ஒருத்தனைப் பாக்கற மாதிரி பாத்துட்டு, மறுபடி கிரவுண்டுப் பக்கம் திரும்பிக்கிட்டா. அந்தப் பக்கத்து அம்மாவுக்குத் தமிழ் புரிஞ்சுதோ என்னமோ, கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டிட்டு இருந்தது, கையை இழுத்துக்கிச்சுங்க.

தனியாத் திரும்பி வந்தேன். ‘வெயில் ஒத்துக்கலையாமா, அந்தப் பக்கம் நெழலு, அதான் அங்க உக்காந்துட்டா’ன்னு எங்க ஆளுங்ககிட்டச் சொன்னேன். அஞ்சே முக்காலுக்கு ஏதுங்க வெயிலு? ஒருத்தரும் கேக்கலை. நான் என் எடத்துல போய் உக்காந்தேன். பின்னால இருந்து மருதாசலம் என் தோளைப் புடிச்சு அமுக்குனான். ‘தங்கச்சி நல்லா இருக்குதா மாப்ள?’ன்னான்.

‘நல்லா இருக்குது மச்சான்’னேன்.

மச்சான்னுதானுங்க சொன்னேன். வாய் பழகிப் போச்சு.

லாட்ஜுல அவ பொம்பளைங்க ரூமுல படுத்துக்கிட்டா. வெடியால ஸ்டேசனுக்கு வந்ததும், ‘நான் லேடீஸ் பெட்டியில வர்றேன்’னு மட்டும் சொல்லிட்டு, கடைசிப் பெட்டிக்கு நடந்து போயிட்டா. நான் எங்க பெட்டியில ஏறி, வழக்கம் போல எல்லாரையும் உக்கார வெச்சேன். வண்டி கெளம்புனதும் மருதாசலம் இட்டிலிப் பொட்டலத்தைப் பிரிச்சான். எனக்கும் சேத்து வாங்கியிருந்தான். வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். எல்லாரும் இருக்கறாங்க, ஏன்னு கேப்பாங்க, என்னன்னு சொல்றது? தின்னனுங்கக்கா. நாலு இட்டிலி. தின்னு முடிச்சுக் கை கழுவப் போனவன்தான், திரும்பிப் போக முடியலை. அப்படியே நடந்து, நடந்து, உங்க பெட்டிக்கு வந்துட்டேன்.

ஒரு மனசு சொல்லுது, கூட்டத்துல தெரியாமப் பட்டிருக்கும்னு. முப்பது வருசமாத் தெரிஞ்ச ஆளுங்க. இன்னொரு மனசு அந்தப் பையைக் கழட்டுனதையே நெனைச்சுட்டு இருக்குது. அவளும்தான் நேரா வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம், இல்லீங்களா? ரெண்டு தடவை எடம் மாத்து மாத்துன்னு கேட்டாளே தவிர, இன்னதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலையே.

ஏனுங்க? ரெண்டு தடவை கேட்டது பத்தாதாங்கறீங்களா.

பத்துமுங்க. பத்தும். நான்தான் ஆட்டம் தெரியலையான்னு கேட்டேன்.

போய் அவன் சட்டையைப் புடிக்கோணும்னு எனக்கும் தெரியுதுங்க. ஆனா அதைச் செஞ்சா ஊரே என்னன்னு கேக்கும். நான் கட்டுன கோட்டைக்குள்ள, நான் உக்கார வெச்ச ஆளு, எம்பொண்டாட்டியையேன்னு சொல்லோணும். கூட்டம் ஒடைஞ்சு போகும். அவ பேருதான் அடிபடும். என் பேரும்தான். இல்லீங்க, என் பேருதான். பொய் சொல்லி என்ன ஆகப்போகுது, நீங்க யாரோ, நான் யாரோ. கோயமுத்தூர் போய்ச் சேர்ற வரைக்கும் ஒண்ணும் நடக்காம இருந்தாப் போதும்னு இங்க வந்து உக்காந்திருக்கறேன். ஊருக்குப் போயிட்டா மெதுவா, நாசூக்கா, அவனை அடுத்த சீசன்ல டோலு பக்கம் மாத்தி விட்டிரலாம்னு ஒரு ரோசனை. யாருக்கும் தெரியாம முடிஞ்சு போயிரும்.

அவ எடமுங்களா? எங்க பெட்டியில அவளுக்குப் போட்ட சீட்டா? அது எப்படிங்க காலியா விடுவேன், கண்டவனும் ஏறி நம்ம பொம்பளைங்க பக்கத்துல உக்காந்துக்குவான். ரேணுவை அங்க மாத்தி உக்கார வெச்சுட்டேன். ரேணுங்கறது மெஸ் வெச்சிருக்கற எங்க கூட்டத்து ஆளு ஒருத்தரு மகளுங்க. காலேஜு ரெண்டாம் வருசம். அப்பனுக்குக் கடையை விட்டு வர முடியலை, என்னை நம்பித்தான் அனுப்பி வெச்சிருக்கறாரு. நல்ல புள்ளை, நேத்தெல்லாம் ஒரு பேச்சுப் பேசலை. அதுகூடப் பொறப்படறப்ப, ‘அண்ணா, நானும் சாந்தாக்கா கூட லேடீஸ் பெட்டிக்கே போயிர்றேன்’னு கேட்டுச்சு. அங்க ஒரே நெரிசலா இருக்கும், இங்கன்னா நம்ம ஆளுங்க சுத்தியும் இருக்கறம், பத்திரமா வரலாம்னு நான்தான் சத்தம் போட்டு உக்கார வெச்சேன். இந்தப் பக்கம் ஜன்னலு, அந்தப் பக்கம் மருதாசலம்.

ஏனுங்கக்கா அப்படிப் பாக்கறீங்க?

ஏன் பையை எடுக்கறீங்க? பாலக்காடே இன்னும் வரலீங்களே.

அதுவும் எடம் மாத்தச் சொல்லித்தான் கேட்டுச்சுங்க.

அக்கா.

அதுவும் அதேதானுங்க கேட்டுச்சு. நான் மறுபடியும்... நேத்துத் தெரிஞ்ச பொறகும்... இன்னிக்குக் காலையில, இந்தக் கையாலயே தோளைப் புடிச்சு உக்கார வெச்சுட்டு வந்திருக்கறேன். ஒரு மணி நேரமா உங்க கூட நாயம் பேசிட்டு இருக்கறேன்.

இந்தப் பக்கமுங்க. நாலு பெட்டி. நான் முன்னால போறேன். இல்லீங்க, நீங்க நின்னுறாதீங்க, கூட வாங்க. சாமி சத்தியமாச் சொல்றேன், கூட வாங்கக்கா. நான் தனியாப் போனா, அவன் ‘வா மாப்ள’ன்னு நகந்து எடம் குடுப்பான். நானும் உக்காந்துருவேன்.